மரப்பாச்சியின் விலை

காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவிலுள்ள பழம்பொருள் கடைகளுக்குச் செல்வோர், செட்டிநாட்டு வீடுகளின் உள்ளறைகள் தெருவுக்கு வந்துவிட்டதைக் காண்பர். தேக்குத் தூண்கள், நிலைக்கதவுகள், எனாமல் தூக்குகள், பர்மா அரக்குப் பெட்டிகள், ரவிவர்மா படங்கள் ஆகியவற்றுக்கு நடுவே ஒரு பித்தளைத் தாம்பாளத்தில் மரப்பாச்சிகளும் சொப்புச் சாமான்களும் குவிந்து கிடக்கும். ஒரு காலத்தில் கோயில் வாசலில் சில அணாக்களுக்கு வாங்கியவை அவை. இன்று அவற்றைக் கையிலெடுத்துத் திருப்பிப் பார்ப்பவர்கள் குழந்தைகள் அல்லர். சேகரிப்பாளர்களும், உணவு விடுதிகளை அழகுபடுத்துவோரும், வெளிநாட்டுப் பயணிகளுமே ஆவர். விளையாட்டுப் பொருள் விலைப்பொருளாகிவிட்டது. அவ்விலை எதனை அளக்கிறது, எதனை அளக்காமல் விடுகிறது என்பதே இக்கட்டுரை ஆராய முற்படுவது.

தமிழில் விளையாட்டுப் பொருளைப் பற்றிய சான்று மிகப் பழையது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் தம் இரு பாட்டுகளிலும் குழந்தைகளின் சிறுதேரைக் காட்டுகிறார். பெரும்பாணாற்றுப்படையில் அது உழவர் குடியிருப்பில் உருள்கிறது. தேர் உருட்டிக் களைத்த பிள்ளைகள் செவிலியரிடம் பாலுண்டு உறங்குகின்றனர். பட்டினப்பாலையிலோ அது காவிரிப்பூம்பட்டினத்துச் செல்வர் மனை முற்றத்தில் மூன்று உருளைகளோடு செல்கிறது. உணங்கும் நெல்லைத் தின்னவந்த கோழியை விரட்ட மகளிர் எறிந்த பொற்குழை அத்தேரின் வழியை மறித்துக் கிடக்கிறது. பொன்னும் மரமும் ஒரே முற்றத்தில் கிடக்க, குழந்தைக்குப் பொன் வெறும் தடைக்கல்லாய் நிற்கும் அந்தக் காட்சியை இன்றைய பழம்பொருள் கடையில் நின்று நினைத்துப் பார்க்கத் தோன்றுகிறது.

குறுந்தொகையின் 61ஆம் பாடலில் தும்பிசேர்கீரனார் இன்னும் நுட்பமான ஒன்றைச் சொல்கிறார். தச்சன் செய்த சிறுதேரில் சிறுவர் ஏறிச் செல்ல இயலாது. ஆயினும் அதனைக் கையால் இழுத்தே இன்பம் அடைகின்றனர் என்பது அவர் தரும் உவமை. தலைவனோடு கூடி இன்புறாவிடினும் அவன் நட்பே போதும் எனத் தோழி கூறுவதற்கு அது வந்துள்ளது. உவமையின் பயனை ஒருபுறம் வைத்துவிட்டு உவமையை மட்டும் நோக்கினால், விளையாட்டுப் பொருளுக்கு அதனினும் சிறந்த இலக்கணம் இல்லை எனலாம். உண்மைத் தேர் செய்யும் வேலையைச் சிறுதேர் செய்வதில்லை. அதன் பயன் முழுவதும் அதைப் பற்றிய கையில் இருக்கிறது. அக்கை விலகியபின் எஞ்சுவது மரத்துண்டே. சேகரிப்பாளர் வாங்குவது அந்த எச்சத்தைத்தான்.

பிள்ளைத்தமிழ் இலக்கணத்தார் ஆண்பாலுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்றும், பெண்பாலுக்குக் கழங்கு, அம்மானை, ஊசல் முதலியன என்றும் பருவங்களை வகுத்தனர். இவற்றுள் சிற்றில் என்பது சிறுமியர் கட்டுவதும் சிறுவன் சிதைப்பதும் ஆகும். நாச்சியார் திருமொழியின் இரண்டாம் பதிகம் முழுவதும் சிதையாதே என்னும் வேண்டுகோளே. தேரும் பறையும் ஆண்மகவுக்கு உரியனவாக இலக்கணம் ஏறிவிட்டன. பெண்மகவின் பாவையோ மேற்கூறிய பருவங்களுள் இடம் பெறவில்லை. ஆனால் சங்கப் பாடல்களில் பாவையின்றிச் சிறுமி இல்லை. பஞ்சாய்க் கோரையைக் கிழித்து முடைந்த பாவையைக் குறுந்தொகையும் ஐங்குறுநூறும் பேசுகின்றன. கோரை மட்கிவிடும், ஆகவே அப்பாவைகளில் ஒன்றும் நமக்குக் கிடைத்திலது. கீழடியிலும் பிற அகழிடங்களிலும் கிடைத்த வட்டச் சில்லுகளும் பகடைக்காயும் சுடுமண்ணாலும் தந்தத்தாலும் ஆனமையாலேயே நிலைத்தன. நிலைத்ததைக் கொண்டு மட்டும் விளையாட்டின் வரலாற்றை எழுதினால் சிறுமியரில் பெரும்பாலோர் அதில் இடம் பெறார்.

மரப்பாவை என்னும் சொல்லைத் திருக்குறள் இரண்டிடத்தில் ஆள்கிறது. இரண்டும் கயிற்றால் இயங்கும் கூத்துப் பாவைகள். குழந்தையின் பொம்மையைக் குறிப்பன அல்ல. நாம் இன்று மரப்பாச்சி என வழங்கும் பொம்மைக்கு இயக்கமே இல்லை. ஒரே கட்டையில் செதுக்கப்பட்டது, கைகள் உடலோடு ஒட்டியிருக்கும், கால்கள் பிரியாமல் அடிப்பீடத்தோடு இணைந்திருக்கும், முதுகு தட்டையானது. உடைந்து விழ ஒரு உறுப்பும் தனியே இல்லை. பல் முளைக்கும் குழந்தை கடித்தாலும் உரிந்து வர வண்ணமும் இல்லை. தலைப்பாகையோடு ஓர் ஆணும் கொண்டையோடு ஒரு பெண்ணும் சோடியாகச் செய்யப்பட்டு, ஆடையின்றி விற்கப்பட்டன. ஆடை உடுத்துவதே விளையாட்டு. தையல்காரர் கழித்த துணித் துண்டும், வீட்டுப் பெண்டிர் உடைத்த வளையலின் பாசியும், சிறுமியின் கைத்திறமும் சேர்ந்து ஒவ்வொரு பொம்மையையும் வேறாக்கின. நவராத்திரிக் கொலுவில் முதற்கண் வைக்கப்பெறுவதும் இச்சோடியே. தம் ஒன்பது நாள் பெருமை முடிந்தபின் அவை மீண்டும் குழந்தையின் கைக்கு வந்தன.

நல்ல மரப்பாச்சிக்குச் செம்மரம் வேண்டும், கருங்காலியும் உண்டு. செம்மரம் கடப்பை, சித்தூர், நெல்லூர் ஆகிய மாவட்டங்களை ஒட்டிய கிழக்குத் தொடர்ச்சி மலைச் சரிவுகளிலேயே இயற்கையில் வளர்வது. அதன் வைரம் நீரில் இட்டால் மூழ்கும் அளவு கனமுடையது. திருப்பதிக்குச் சென்று வந்தோர் பிரசாதத்தோடு ஒரு சோடி மரப்பாச்சியையும் கொண்டுவந்தது காடு அருகிலிருந்ததன் பயன். பாட்டிமார் அப்பொம்மையின் அடியைக் கல்லில் நீர்விட்டு உரைத்து, வரும் சாந்தைக் குழந்தையின் வீக்கத்திலும் கட்டியிலும் பூசினர். விளையாட்டுப் பொருளே மருந்துமாயிற்று. அம்மரம் அருகிவிட்டது. 1995இல் பன்னாட்டு உயிரின வணிக உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் அது சேர்க்கப்பட்டது. 2015 ஏப்ரல் 7ஆம் நாள் சேசாசலக் காட்டில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 பேர் செம்மரம் வெட்டியதாகச் சொல்லப்பட்டுக் காவலரால் சுட்டுக் கொல்லப்பட்டதை நாம் மறந்திருக்க மாட்டோம். இன்று கடைகளில் புதிதாய் விற்கும் பொம்மைகளுள் பல வேறு மரத்தில் செய்து சாயம் ஏற்றியவை. பழைய மரப்பாச்சியின் விலை உயர்ந்ததற்கு முதற்காரணம் கலையார்வம் அன்று, இந்த மரத்தட்டுப்பாடே.

இனி, சேகரிப்பாளர் எழுதும் குறிப்புச் சீட்டுகளில் தவறாமல் வரும் ஒரு தொடரை நோக்குவோம்: ‘திருமணச் சீராக மணமகளுக்கு அளிக்கப்படும் சோடிப் பொம்மை’ என்பது அது. செய்தி உண்மையே. ஆனால் ஏன் மணமகளுக்குப் பொம்மை? இல்லறத்தின் குறியீடு, வரப்போகும் மகவுக்கு முன்கூட்டிய பரிசு என விடைகள் சொல்லப்படுகின்றன. இவ்விடைகள் மணமகளை இருபது வயதினளாகக் கொண்டு கூறப்படுவன. சாரதா சட்டம் எனப்படும் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் 1929இல் இயற்றப்பெற்று 1930 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதுவே பெண்ணின் மணவயதை 14 என்றுதான் வைத்தது. அதற்கு முன்னர், கொலு வைக்கும் குடும்பங்கள் பலவற்றில் எட்டும் பத்தும் வயதுடைய சிறுமியரே மணமேடையில் அமர்ந்தனர். அம்மணமகளுக்குப் பொம்மை குறியீடு அன்று. அவள் விளையாடும் பொருள். தாய்வீட்டில் விளையாடியதன் தொடர்ச்சியாக மாமியார் வீட்டுக்குக் கொண்டுசெல்ல அவளுக்குக் கிடைத்த ஒன்று அதுவாகவே இருந்திருக்கும் எனக் கருத இடமுண்டு. சோடியில் ஒன்றைக் கணவன் என்றும் மற்றொன்றைத் தான் என்றும் வைத்து அவள் என்ன விளையாட்டு விளையாடினாள் என்பதை எந்த நூலும் பதிவு செய்யவில்லை. இதனை ஏற்றுக்கொண்டால், அழகிய மரபு என்று நாம் பாராட்டும் ஒன்றனுள் எத்தனை கண்ணீர் உலர்ந்திருக்கும் என்பதையும் ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். பாராட்டு எளிது.

இப்பொம்மைகள் சந்தைக்கு வந்த வழியையும் சுருக்கமாகச் சொல்லவேண்டும். 1930களின் பொருளாதார மந்தத்தில் கடன்பட்டோரின் நிலங்கள் கைமாறியதால், கீழ்ப் பர்மாவின் முதன்மை நெல் மாவட்டங்களில் ஏறத்தாழக் கால் பங்கு விளைநிலம் நகரத்தார் வசம் வந்தது. 1942இல் சப்பானியர் படையெடுப்பும், 1948இல் பர்மிய விடுதலையும் தொடர்ந்து வந்த நிலச் சட்டங்களும் அச்செல்வத்தை இல்லாமற் செய்தன. ஆயிரம் சன்னல் வீடு எனப் பெருமை பேசப்பட்ட மனைகள் பங்காளிகளிடையே பிரிந்தன. பராமரிக்க இயலாதவை இடிக்கப்பட்டன. மணச்சீராய் வந்து பெட்டகங்களில் பூட்டியிருந்த சாமான்கள் எடைக்கு விலைபோயின. தூணுக்கும் வெண்கலத்துக்கும் விலைபேசி முடித்தபின் பொம்மைகள் சும்மா அள்ளிப்போடப்பட்டன என்பர். பாத்திரங்களில் புள்ளிப் புள்ளியாகப் பெயர் வெட்டும் வழக்கம் நம்மிடையே உண்டு. அதனால் ஒரு குத்துவிளக்கோ தவலையோ இன்னார் வீட்டது என இன்றும் அறியலாம். மரப்பாச்சியில் பெயர் வெட்டுவார் இல்லை.

பெயர் இல்லாமையால் என்ன இழப்பு என்று கேட்போருக்கு ஒரு மேனாட்டுச் செய்தியைக் கூறலாம். செர்மனியின் சுடைஃப் நிறுவனம் 1904இல் செய்த கரடிப் பொம்மை ஒன்று 1994 டிசம்பரில் இலண்டன் கிறிஸ்டிஸ் ஏலத்தில் 1,10,000 பவுனுக்கு விலைபோயிற்று. வாங்கியவர் சப்பானியர் ஒருவர். அதே காலத்தில் செய்த வேறு சுடைஃப் கரடிகளும் ஏலத்துக்கு வந்ததுண்டு. அவை அவ்வளவு பெறவில்லை. இக்கரடி பாப் ஹெண்டர்சன் என்னும் படைத்தலைவருடைய குழந்தைப் பருவத் தோழன். அவர் முதுமை வரை அதைப் பிரியவில்லை என்பதும், குழந்தையாக அதனோடு அவர் இருக்கும் நிழற்படம் உண்டு என்பதும் அனைவரும் அறிந்தவை. மேனாட்டுச் சந்தையின் பொதுவிதி இதற்கு நேர்மாறானது: பெட்டி பிரிக்காத, குழந்தையின் கை படாத பொருளுக்கே அங்கு உயர்ந்த விலை. 1959இல் மூன்று டாலருக்கு விற்ற பார்பி பொம்மை பெட்டியோடு இருந்தால் ஒரு விலை, விளையாடியதாயின் வேறு விலை. அவ்விதியையும் மீறி விளையாடிய பொம்மை ஒன்று வென்றதென்றால், விளையாடியவர் யார் என்பது தெரிந்திருந்ததே காரணம். நம் மரப்பாச்சிகள் பெட்டியில் வந்தவை அல்ல. விளையாடியவர் பெயரும் அவற்றோடு வரவில்லை. ஆகவே மரமும் பழமையும் மட்டுமே எடைபோடப்படுகின்றன.

சட்டமும் பழமையையே பார்க்கிறது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டத்தின்படி, நூறாண்டுக்குக் குறையாத கைவினைப் பொருள் தொல்பொருளாகும். அதனைத் தனியார் நாடுகடத்தி விற்றல் குற்றம். ஆனால் ஒரு மரப்பாச்சியின் வயதை எங்ஙனம் மெய்ப்பிப்பது? ஆண்டு பொறித்தவை அவை அல்ல. ஒரே அச்சில் தலைமுறை தலைமுறையாகச் செய்தமையால் வடிவத்தைக் கொண்டும் துணிய இயலாது. நூறாண்டு என்று சொன்னால் விலை ஏறும். எண்பது என்றால் ஏற்றுமதிக்குத் தடையில்லை. வாங்குபவரைப் பார்த்து வயது சொல்லப்படும் விந்தையை நான் நேரில் கேட்டிருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லாமல் விடுதல் நேர்மையாகாது. சந்தைக்கு வந்த பழம்பொம்மைகள் பெரும்பாலும் பெட்டகம் உள்ள வீடுகளிலிருந்து வந்தவை. நுங்குக் கூந்தலைக் குச்சியில் கோத்து ஓட்டிய வண்டியும், பனையோலைக் கிலுகிலுப்பையும், களிமண்ணில் பிசைந்து வெயிலில் உலர்த்திய மாடும் ஒரு கோடைக்கு மேல் தங்கியதில்லை. அவற்றைச் செய்தவர்கள் விளையாடியவர்களே. தமிழ்க் குழந்தைகளுள் மிகப் பலர் கையிலிருந்த விளையாட்டுப் பொருள்கள் எந்தச் சேகரிப்பிலும் இல்லை; எவ்வளவு பொருள் கொடுத்தாலும் இனி வாங்கவும் இயலாது.

ஐங்குறுநூற்றின் 375ஆம் பாடலில், மகள் உடன்போக்கில் சென்றபின் தாய் அவள் விட்டுச்சென்ற பாவையைக் காண்கிறாள். ஓதலாந்தையார் அத்தாயை மிகுதியாகப் பேசவைக்கவில்லை. இது அவளுடையது, இது அவளுடையது என்று ஒவ்வொன்றையும் சுட்டச்செய்கிறார். அத்தாய்க்குப் பொருளின் உரிமையாளர் யார் என்பது மட்டுமே தெரியவேண்டியது. பொருள் என்ன பெறும் என்பது அப்பாட்டில் கேள்வியே அன்று.

முற்கூறிய தெருவில் ஒருமுறை சோடி இழந்த பெண் மரப்பாச்சி ஒன்றைக் கண்டேன். முகத்தில் மூக்கும் கண்ணும் தேய்ந்து வழவழப்பாகியிருந்தன. மூக்கின் ஓரத்தில் ஊசியால் குத்திய சிறு துளை. மூக்குத்தி இடுவதற்காக ஏதோ ஒரு சிறுமி குத்தியதாதல் வேண்டும். அடிப்பீடம் ஒருபுறம் சரிந்திருந்தது. பலமுறை உரைத்த கல்லின் தடம் அது. கடைக்காரர், “அம்மா, இது தேய்ஞ்ச சாமான். சோடியும் இல்லை. அடுத்த வாரம் வாங்க. மேலாகச் சுரண்டி, கண்ணு மூக்கு எடுத்து, எண்ணெய் போட்டு வச்சிடுறேன். அப்புறம் பாருங்க, நல்ல விலைக்குப் போகும்” என்றார். எந்த ஊர், யார் வீடு என்று கேட்டேன். “ஒரு வீட்டுச் சாமானோட சேர்ந்து வந்ததும்மா. எந்த வீடுன்னு யாருக்குத் தெரியும்?” என்றார். சுரண்டாமல் அப்படியே வேண்டும் என்றேன். குறைத்தே விலை சொன்னார்.