ஜெபம் எப்படிக் கேட்கக் கற்றுக்கொண்டது

தூத்துக்குடிப் பக்கம் பிள்ளைக்குப் பரீட்சை என்றால் கத்தோலிக்க வீட்டில் "மாதாகிட்ட வேண்டிக்கோ" என்பார்கள். இரண்டு தெரு தள்ளியிருக்கும் சி.எஸ்.ஐ. வீட்டில் "ஜெபம் பண்ணிட்டுப் போ" என்பார்கள். இரண்டு வீட்டுக் கவலையும் கணக்குப் பாடம்தான். ஆனால் முதல் சொல்லில் கேட்கிற கை நீண்டிருப்பது தெரிகிறது. இரண்டாவது சொல்லைப் பிரித்துப் போட்டுப் பார்த்தால், கேட்பதற்கான தடயமே அதில் இல்லை.

ஜெபம், வடமொழி ஜபம். அதன் வேரான 'ஜப்' என்பதற்கு முணுமுணுத்தல், வாய்க்குள் சொல்லுதல் என்று பொருள். மந்திரத்தைத் திரும்பத் திரும்ப உருவேற்றுவது ஜபம். உரக்கச் சொல்வது வாசிகம், உதடு மட்டும் அசைவது உபாம்சு, மனத்துக்குள் ஓடுவது மானசம் என்று அதற்குத் தரவரிசையும் உண்டு. ஓசை குறையக் குறையப் பலன் பெருகும் என்கிறது மனுஸ்மிருதி. எண்ணிக்கை தப்பாமலிருக்க ஜபமாலை. ஜபிக்கிறவர் எதையும் கேட்டாக வேண்டியதில்லை. சொன்னாலே போதும்.

இந்தச் சொல்தான் கிறிஸ்தவத் தமிழின் தலையாய சொல்லாயிற்று. மத்தேயு நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தைத் திறந்தால் இதிலுள்ள வேடிக்கை புரியும். சீடர்களுக்கு இயேசு பரமண்டல ஜெபத்தைக் கற்றுக்கொடுக்கிறார். அதற்குச் சற்று முன்னால்தான், புறவினத்தார்போலச் சொன்னதையே சொல்லிப் பிதற்ற வேண்டாம் என்று தடுக்கிறார். கிரேக்க மூலத்தில் அங்கே வருவது, திக்கித் திக்கிப் பேசுவதைப்போலவே ஒலிக்கும் 'பத்தலோகேயின்' என்ற வினை. பழைய தமிழ் வேதாகமம் அதற்கு 'அலப்பு' என்று போட்டது. அதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தோன்றவில்லை. ஆக, அலப்பாதே என்று சொல்லிவிட்டுக் கற்றுக்கொடுத்த ஒன்றுக்கு, அலுக்காமல் உருப்போடுதல் என்று பொருள்தரும் பெயரை நாம் வைத்திருக்கிறோம்.

'ஜபம்' எப்படி 'ஜெபம்' ஆயிற்று என்பதில் மர்மம் ஏதுமில்லை. ஜ, ப, க போன்ற எழுத்துகள் அதிர்ந்தொலித்து முதலில் வரும் வடசொற்களில் அகரத்தை எகரமாக்குவது தமிழ் நாக்கின் வழக்கம். ஜனம் ஜெனமாகும், ஜயம் ஜெயமாகும், பலம் பெலமாகும், கங்கை கெங்கையாகும். வேதாகமத்தில் 'பெலன்' என்று படித்து வளர்ந்தவர்களுக்கு இது பழக்கம்தான். கத்தோலிக்கர்கள் கிரந்த எழுத்தைத் தவிர்த்துச் 'செபம்' என்று எழுதுகிறார்கள். எழுத்தைப் பார்த்தே எழுதியவர் எந்தக் கோயிலுக்குப் போகிறவர் என்று பாதி நேரம் சொல்லிவிடலாம்.

தமிழில் அச்சேறிய முதல் நூலே செபப் புத்தகம்தான். 1554இல் லிஸ்பனில், ரோமன் எழுத்தில் தமிழும் உடன் போர்த்துகீசுமாக ஒரு சிறுநூல் வெளிவந்தது. அதைத் தமிழாக்கியவர்கள் வின்சென்ட் தெ நசரேத், ஜோர்ஜ் கர்வாலியோ, தோமா த குரூஸ் என்று போர்த்துகீசுப் பெயர் சூடிக்கொண்ட மூன்று இந்தியர்கள். 1578இல் கொல்லத்தில் ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் பாதிரியார் 'தம்பிரான் வணக்கம்' என்ற பதினாறு பக்க நூலைத் தமிழ் எழுத்திலேயே அச்சிட்டார். மறுவருடம் கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்'. இந்தத் தலைப்புகளில் இருப்பது செபமல்ல, வணக்கம். 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நோபிலியோடுதான் பூசை, குரு, வேதம் என்று வடமொழிச் சரக்கு கத்தோலிக்கப் பேச்சில் வண்டி வண்டியாக இறங்கியது.

கத்தோலிக்கரைப் பொறுத்தவரை 'செபம்' என்ற சொல் வழிதவறி வந்ததல்ல என்றும் வாதாடலாம். அவர்கள் கையில் மாலை இருக்கிறது. ஐம்பத்து மூன்று மணிச் செபம் என்று எண்ணியே பெயர் வைத்திருக்கிறார்கள். பாட்டிகள் அருள்நிறை வாழ்த்தைப் 'பிரியதத்த மந்திரம்' என்றும், இயேசு கற்பித்ததைப் 'பரலோக மந்திரம்' என்றும் சொல்லக் கேட்டிருக்கிறேன். மந்திரம், மாலை, எண்ணிக்கை மூன்றும் இருக்கும்போது அதை ஜபம் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது? ஆங்கிலத்தில் இதுவே தலைகீழாக நடந்திருக்கிறது. மணியைக் குறிக்கும் 'பீட்' என்ற சொல் பழைய ஆங்கிலத்தில் வேண்டுதலைத்தான் குறித்தது. வேண்டுதல்களை மணியுருட்டி எண்ணி எண்ணிச் சொல்லின் பொருள் மணியிலேயே உருண்டு நின்றுவிட்டது. அங்கே வேண்டுதல் மணியாயிற்று, இங்கே மணியுருட்டல் வேண்டுதலாயிற்று.

தரங்கம்பாடியில் 1706இல் வந்திறங்கிய சீகன்பால்கு ஜெர்மானியர். தமிழ் வேதாகமத்தை மெருகேற்றிய பப்ரிசியுசும் ஜெர்மானியரே. அவர்கள் தாய்மொழியில் செபத்துக்கு 'கெபெட்'. அது 'பிட்டன்', அதாவது கேட்டல், என்ற வினையின் உடன்பிறப்பு. மாலையைக் கைவிட்ட லுத்தரன் சபைக்காரர்கள் அவர்கள். அவர்கள் மரபிலும் முணுமுணுப்புச் சொல்லே நிலைத்தது. ஆனால் நிலைத்த இடத்தில் சொல் பழைய வேலையைச் செய்யவில்லை. இன்று சபைக்குப் போகிறவரிடம் 'ஜெபக் குறிப்பு' என்றால் அறுவைசிகிச்சை, கடன், மகள் கல்யாணம், விசா என்று துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுக்கும் பட்டியல். 'எங்களை ஜெபத்துல வச்சுக்கோங்க' என்றால் எங்களுக்காகக் கேளுங்கள் என்று அர்த்தம். உபவாச ஜெபம், முழு இரவு ஜெபம் எல்லாமே கேட்பதற்கான கூட்டங்கள். மூன்று நூற்றாண்டில் ஜெபம் கையேந்தக் கற்றுக்கொண்டுவிட்டது.

கேட்டல் ஒரேவிதமானதல்ல என்பது பவுலின் பெயரால் தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதல் கடிதத்தில் தெரிகிறது. இரண்டாம் அதிகாரத்தின் தொடக்கத்தில் நான்கு கிரேக்கச் சொற்கள் வரிசையாக நிற்கின்றன: தெயேசிஸ், புரொசெயுகே, எந்தெயுக்சிஸ், எயுகரிஸ்தியா. பழைய தமிழ் வேதாகமத்தில் அவை முறையே விண்ணப்பம், ஜெபம், வேண்டுதல், ஸ்தோத்திரம். இதில் முதலாவதையும் மூன்றாவதையும் இடம் மாற்றியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்பது என் கட்சி. தெயேசிஸ், 'இல்லாதிருத்தல், தேவைப்படுதல்' என்ற பொருளுடைய வினையிலிருந்து பிறந்தது. தமிழில் 'வேண்டு' அப்படியே அதுதான்: 'எனக்குச் சோறு வேண்டும்' என்பதும் 'உம்மை வேண்டுகிறேன்' என்பதும் ஒரே வேர். இல்லாமையும் கேட்டலும் ஒரு சொல்லில் குடியிருப்பது கிரேக்கனுக்கும் தமிழனுக்கும் கிடைத்த கொடை. எந்தெயுக்சிஸ் என்பதோ, தாலமி மன்னர்கள் ஆண்ட எகிப்தில் குடிமக்கள் அரசனுக்கு எழுதிய மனுவின் பெயர். பாப்பிரஸ் ஏடுகளில் அப்படிப்பட்ட மனுக்கள் கிடைத்திருக்கின்றன. அதற்கு விண்ணப்பத்தை விட்டால் வேறு சொல் ஏது?

விண்ணப்பம் பிராகிருத வழியாக நமக்கு வந்தது. 'அறியச் செய்தல்' என்பது அதன் அடிப்படைப் பொருள். கீழே நிற்பவர் மேலே இருப்பவருக்குத் தெரிவித்துக்கொள்வது. தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் நாற்பத்தெட்டுப் பிடாரர்களை நியமித்தது திருப்பதியம் 'விண்ணப்பம் செய்ய' என்று கல்வெட்டு சொல்கிறது. அவர்கள் வேலை பாடுவதுதான். திருவரங்கத்து அரையர்களுக்கும் 'விண்ணப்பம் செய்வார்' என்று பெயர் உண்டு. பாட்டாக இறைவனின் செவியில் போடுவது விண்ணப்பமாக இருந்தது. வேலைக்கும் ரேஷன் அட்டைக்கும் எழுதிக் கொடுப்பதாக அது மாறியது பின்னால்.

அறியச் செய்தல் என்று வைத்துக்கொண்டால் உடனே ஒரு சிக்கல். நீங்கள் கேட்பதற்கு முன்பே உங்கள் தேவை பிதாவுக்குத் தெரியும் என்று அதே மத்தேயு ஆறாம் அதிகாரம் சொல்கிறது. தெரிந்தவருக்கு எதைத் தெரிவிப்பது? அகுஸ்தீன் ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புரோபா என்ற கைம்பெண்ணுக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் இதை எடுத்துக்கொண்டார். கடவுளுக்குச் செய்தி சொல்லவல்ல, நம் ஆசையை விரித்துத் தருவதைப் பெறும் அளவுக்கு நம்மைப் பெரிதாக்கவே கேட்கிறோம் என்பது அவர் விடை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் வேறு கோணம் பிடித்தார்: கேட்பது கடவுளின் தீர்மானத்தை மாற்றவல்ல, கேட்டால் கிடைக்கும் என்று அவர் ஏற்கெனவே தீர்மானித்ததை அடைவதற்காக. அந்தப் பகுதியிலேயே அவர் ஒரு சொல்லாராய்ச்சியையும் காசியோதோரிடமிருந்து எடுத்துக் காட்டுகிறார். செபத்துக்கான இலத்தீன் சொல் 'ஒராத்சியோ'. அது 'ஒரிஸ் ராத்சியோ', வாயின் பகுத்தறிவு என்று. மொழியியலில் இது தேறாது. நம்மூர்ப் புலவர்களும் சொல்லைப் பிரித்து இப்படி விளையாடியவர்கள்தான் என்பதால் எனக்கு இதில் ஒரு பாசம். ரோமர்கள் உண்மையில் ஒராத்சியோவைப் பேச்சுக்கும் வழக்குமன்ற வாதத்துக்கும் பயன்படுத்தினார்கள்.

வழக்குமன்றம் என்றதும் நான் வர விரும்பிய சொல் வந்துவிடுகிறது: மன்றாட்டு.

மன்று என்றால் ஊர் கூடும் பொதுவிடம். மரத்தடி, அவை, நியாயத்தலம். மன்றில் நின்று வாதாடுவதே முதலில் மன்றாடுதல். கெஞ்சுதல் என்பது பிறகு ஒட்டிக்கொண்டது. மன்றில் ஆடுகிறவன் என்பதால் தில்லைக் கூத்தனுக்கும் மன்றாடி என்று பெயர். ஆட்டிடையனுக்கும் அதே பெயர்: நந்தாவிளக்கு ஒன்றுக்குத் தொண்ணூற்றாறு ஆடுகளைச் 'சாவா மூவாப் பேராடு' என்று ஒப்படைத்து, நாள்தோறும் நெய் அளக்கச் சோழர் காலத்தில் ஏற்பாடு செய்தார்களே, அந்த ஆடுகளைப் பெற்றுக்கொண்டவர்களைக் கல்வெட்டுகள் மன்றாடிகள் என்கின்றன. ஆடுகிற கடவுள், ஆடு மேய்க்கிறவர், வழக்காடுகிற ஏழை மூவரும் ஒரே பெயரில் நிற்கிறார்கள். தன்னை ஆயன் என்று சொல்லிக்கொண்ட இயேசுவின் பின்னே போகிறவர்கள் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டது தற்செயல்தான், ஆனாலும் பார்க்க நன்றாயிருக்கிறது.

லூக்காவின் பதினெட்டாம் அதிகாரத்துக் கைம்பெண் அசல் மன்றாடி. கடவுளுக்கும் அஞ்சாத, மனிதரையும் மதியாத நடுவனிடம் அவள் நாள்தோறும் வந்து நியாயம் கேட்கிறாள். கடைசியில் அவன் இவள் தொல்லை தாங்காமல் இறங்கிவருகிறான். 'தொல்லை' என்று நாம் மொழிபெயர்க்கிற இடத்தில் கிரேக்கத்தில் இருப்பது குத்துச்சண்டைச் சொல். கண்ணுக்குக் கீழே குத்துவது. இதை 'ஜெபம்' என்ற மென்மையான சொல்லுக்குள் அடைக்க முடியாது. எபிரேயத்தில் செபத்துக்கான 'தெபில்லா' என்ற சொல்லையும் நியாயம் தீர்த்தலைக் குறிக்கும் வேரோடு சேர்த்துப் பார்க்கிறவர்கள் உண்டு.

கத்தோலிக்கத் திருப்பலியில் இந்தச் சொல்லுக்கு 1963இல் ஒரு புது வாசல் திறந்தது. பெரிய வெள்ளி வழிபாட்டில் மட்டும் எஞ்சியிருந்த விசுவாசிகளின் பொது வேண்டுதலை மற்றப் பூசைகளிலும் மீட்டெடுக்கும்படி இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் வழிபாட்டு ஏடு பணித்தது. அதற்குத் தமிழில் அமைந்த பெயர் மன்றாட்டு. ஞாயிறுதோறும் யாராவது ஒரு பெண்ணோ பையனோ எழுந்துபோய், மழைக்காக, கடலுக்குப் போனவர்களுக்காக, ஆள்கிறவர்களுக்காக என்று ஒவ்வொன்றாக வாசிக்க, கூட்டம் பதில் சொல்கிறது. பெயருக்கேற்ற ஊர்மன்று. 'பிரார்த்தனை'க்குத்தான் விநோதமான கதி. வேர்ப்படி கேட்டல் என்றே பொருள்தரும் அந்தச் சொல், பழைய கத்தோலிக்க வழக்கில் மாதாவின் பட்டப்பெயர்களை வரிசையாக அடுக்கிச் சொல்லும் மாலைக்குப் பெயராகிப்போனது.

1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம், தீமோத்தேயுவின் அந்த நான்கு சொற்களையும் மன்றாடுங்கள், வேண்டுங்கள் என்று வினைகளாக்கியது நல்ல காரியம். ஆனால் அந்த வழக்கோடு பரவிய 'இறைவேண்டல்' எனக்கு ஒட்டவில்லை. சுத்தமான தமிழ்தான், குறை சொல்ல முடியாது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு யாரும் 'இறைவேண்டல் செய்யுங்கள்' என்று சொல்லி நான் கேட்டதில்லை.

மன்றாட்டுக்கு வேதாகமத்தில் மூத்த உதாரணம் ஆபிரகாம். சோதோம் நகரத்துக்காக அவர் கடவுளிடம் பேரம் பேசுகிறார். ஐம்பது நீதிமான்கள் இருந்தால் விடுவீரா என்று தொடங்கி, நாற்பத்தைந்து, நாற்பது, முப்பது, இருபது என்று இறங்கிப் பத்தில் நிறுத்துகிறார். ஒவ்வொன்றுக்கும் சரி என்றே பதில் வருகிறது. பத்துப் பேர் தேறவில்லை. மறுநாள் விடியற்காலையில் ஆபிரகாம் எழுந்து, முந்தின நாள் தாம் நின்று பேசிய அதே இடத்துக்குப் போய்ப் பார்க்கிறார். சமவெளியிலிருந்து சூளைப் புகைபோலப் புகை எழும்பிக்கொண்டிருக்கிறது. யூத ரபிமார்கள் தங்கள் காலைச் செபத்தின் தொடக்கத்தை இந்தக் காட்சியில் கண்டார்கள். அங்கே அவர் 'நின்றார்' என்பதற்குச் செபித்தார் என்றே பொருள் என்று தல்மூத் விளக்குகிறது. நின்றபடி சொல்லும் அவர்களது மையச் செபத்துக்கு இன்றும் 'அமிதா', நிற்றல், என்றுதான் பெயர்.