நன்னன் காத்த மாமரம்



தாமிரபரணியில் ஒரு மாம்பழம் மிதந்து வந்தால், குளிக்கிற பிள்ளை எடுத்துத் தின்னும். நாம சிரிச்சுக்கிட்டே போயிருவோம். சங்க காலத்தில் அப்படித் தின்ற ஒரு பெண்ணுக்கு உயிரே போயிற்று.

நன்னன் என்ற சிற்றரசனுக்குக் காவல்மரம் மா. அதன் பசுங்காய் ஆற்றோடு வந்தது. குளிக்கப் போனவள் தின்றாள். ஈடாக 81 யானைகளும், அவள் எடைக்கு எடை பொன்னால் செய்த பாவையும் தருவதாகச் சொல்லியும் அவன் கேட்கவில்லை. கொன்றுவிட்டான். குறுந்தொகையில் பரணர் இதைப் பழித்துப் பாடியிருக்கிறார். அந்த மரமாவது பிழைத்ததா? கோசர்கள் சூழ்ச்சி செய்து வெட்டிச் சாய்த்தார்கள்.

மரத்தைக் காக்க வாள் உதவாது, ஒட்டுத்தான் உதவும். கோவாவில் போர்த்துக்கீசியர் காலத்தில் ஒட்டுக்கட்டிப் பரப்பிய அல்போன்சா இன்றைக்கும் சந்தைக்கு வருகிறது.

உங்க வாய்க்கால் கரையில் தாத்தா காலத்து நாட்டு மா நிற்குதா? கொட்டையைப் போட்டால் அதே ருசி வரும்னு நம்பாதீங்க. வேறு மரத்து மகரந்தம் கலந்து குணம் மாறிப்போகும். வெட்டுவதற்கு முன்னாலே நல்ல முதிர்ந்த குச்சியை எடுத்து, கொட்டைக் கன்றில் ஒட்டுக்கட்டி வையுங்கள். தாத்தா தின்ற பழத்தைப் பேரனும் தின்பான்.