நாஞ்சில் நாட்டு ஆவணங்களின் மின்படியாக்கத்தில் இடங்காட்டிப் பிறழ்வு: குறியாக்க வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

பழந்தமிழ் ஆவணங்களை உரைத்தொகுப்பியில் உள்ளிடும்போது இடங்காட்டி (கர்சர்) எதிர்பாராத இடத்தில் நிற்பதும், ஓர் எழுத்தை அழிக்க முயலுகையில் அதன் பாதி மட்டும் அழிவதும் மென்பொருட் கோளாறாகவே கருதப்படுகின்றன. இப்பிறழ்வுகளுள் பெரும்பாலானவை தமிழ் எழுத்துக் குறியாக்கத்தின் வரலாற்றில் வேர்கொண்டவை என்பதையும், அவற்றைப் பிரித்தறியாவிடின் மூலபாடமே திரியும் என்பதையும் நாஞ்சில் நாட்டு ஆவணங்களைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: நாஞ்சில் நாடு, முதலியார் ஓலைகள், ஒருங்குறி, இடங்காட்டி, மின்படி.

முன்னுரை

கன்னியாகுமரி மாவட்டத்தின் தோவாளை, அகத்தீஸ்வரம் வட்டங்களை உள்ளடக்கிய நாஞ்சில் நாடு ஆவண வளம் மிக்கது. அழகியபாண்டியபுரம் பெரியவீட்டு முதலியார் குடும்பத்து ஓலைகளைக் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை (1876–1954) ஆராய்ந்தார், பிற்காலத்தில் அ.கா. பெருமாள் அவற்றைப் பதிப்பித்தார். கொல்லம் ஆண்டுக் கணக்கு, கிரந்த எழுத்துகள், பின்னக் குறிகள், முகத்தல் அளவைகள் ஆகியன இத்தகைய ஆவணங்களில் பயில்வன. இவற்றை மின்படியாக்குவோர் எதிர்கொள்ளும் இடர்ப்பாடு இக்கூறுகளிலேயே மிகுதி.

வரிவடிவ முறையும் ஒலி முறையும்

தட்டச்சுப்பொறி மரபில் கொம்பு முதலிலும் மெய் அடுத்தும் கால் இறுதியிலும் அமையும். 1990களின் இறுதியில் வழங்கிய திஸ்கி முதலிய வரிவடிவக் குறியாக்கங்கள் இம்மரபையே தொடர்ந்தன. ‘கொ’ என்பது மூன்று துண்டுகள். இடங்காட்டியும் மூன்று முறை நகர்ந்தது. கண்ணுக்குத் தெரிந்ததும் கோப்பில் இருந்ததும் ஒன்றே.

1988ஆம் ஆண்டு இஸ்கி தரத்தை அடியொற்றி 1991இல் வெளிவந்த ஒருங்குறி ஒலிமுறையைப் பின்பற்றியது. இங்கு மெய் முதலிலும் உயிர்க்குறி பின்னரும் பதிவாகும். திரையில் மட்டும் கொம்பு முன்னே தோன்றும். ஆகவே இடங்காட்டி நகரும் வரிசைக்கும் கோப்பிலுள்ள வரிசைக்கும் இடையே வேறுபாடு தோன்றியது. தமிழக அரசு 2010இல் ஒருங்குறியுடன் ஏற்ற டேஸ்-16 குறியாக்கம் ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனி இடம் வழங்கி இச்சிக்கலைத் தவிர்த்தது. எனினும் அது தனிப்பயன் பகுதியில் அமைந்தமையால் பொதுவழக்காகப் பரவவில்லை.

‘கொல்லம்’ எனும் சான்று

ஒருங்குறியில் ‘கொ’ இரு வகையாகப் பதிவாகலாம்: ககரத்துடன் ஒற்றை ஒகரக் குறி, அல்லது ககரத்துடன் எகரக் கொம்பும் காலும். திரையில் இரண்டும் ஒன்றே. பின்னழிப்பு விசையை ஒருமுறை அழுத்தின் வேறுபாடு வெளிப்படும்: ‘க’ எஞ்சினால் முதல் வகை, ‘கெ’ எஞ்சினால் இரண்டாம் வகை. இயல்பாக்கம் செய்யாத தேடலில் ஒரு வகையைத் தேடினால் மற்றது அகப்படாது. கொல்லம், கோட்டாறு, தோவாளை, கோட்டை (நெல்லளவு) என நாஞ்சில் நாட்டு ஆவணங்களின் அடிப்படைச் சொற்கள் பலவும் இவ்விடருக்கு உட்பட்டவை. ‘இச்சொல் இத்தொகுப்பில் இல்லை’ எனும் ஆய்வு முடிவு இதனால் பொய்க்கக்கூடும்.

மங்கலச் சொல்லாகிய ‘ஸ்ரீ’யும் இத்தகையதே. 2005இல் ‘ஶ’ எழுத்து ஒருங்குறியில் சேர்ந்தபின் ஸகரத்தாலும் ஶகரத்தாலும் அதனை உள்ளிட இயலும்; பல எழுத்துருக்கள் இரண்டையும் ஒரே வடிவிற் காட்டுகின்றன. முன்னைய சான்றைப் போலன்றி, இவ்விரண்டையும் ஒருங்குறி இயல்பாக்கமும் ஒன்றாக்காது. மேலும் ‘நி’ போன்ற உயிர்மெய்யை ஓர் எழுத்துத் தொகுதியாகக் கொள்ளும் ஒருங்குறி விதி, ‘க்ஷ’, ‘ஸ்ரீ’ ஆகியவற்றை இரு தொகுதிகளாகவே கொள்கிறது. ஒற்றை வடிவத்தின் நடுவே இடங்காட்டி தங்குவதற்கு இதுவே காரணம்.

பின்னக் குறிகளின் இழப்பு

நாள், மாதம், வருடம், பற்று, வரவு முதலிய குறிகள் 2003இல் ஒருங்குறியில் இடம்பெற்றன. முந்திரி (1/320) முதலான பின்னங்களுக்கும், நெல், குறுணி, பதக்கு, பணம், நன்செய், புன்செய் முதலியவற்றின் குறிகளுக்கும் 2019இல்தான் இடம் கிடைத்தது. அதுவும் 16 பிட் எல்லைக்கு அப்பாற்பட்ட தளத்தில். அத்தளத்து எழுத்தைச் சில தொகுப்பிகள் இரு கூறுகளாக எண்ணுவதால் இடங்காட்டி இருமுறை நகரும். ஒரு கூறு மட்டும் அழிந்தால் குறி முழுதும் சிதையும். தமிழ் முழு எண்கள் முதல் தளத்தில் இருப்பதால் அவற்றுக்கு இவ்விடர் இல்லை. எனவே முழு எண் பிழைக்க, பின்னம் அழிகிறது. காணி (1/80), மா (1/20) அளவிலேயே உரிமை வரையறுக்கப்படும் நில ஆவணத்தில் இது சிறு பிழையன்று.

காரணம் காணும் முறை

முதற்கண், ஐயத்திற்குரிய வரியைத் தனியமைப்புகள் ஏதுமற்ற நிலையில் திறத்தல் வேண்டும். பிறழ்வு மறைந்தால் காரணம் அமைப்பில் உள்ளது. நீடித்தால் உரையிலோ எழுத்துருவிலோ தொகுப்பியின் இயல்பிலோ உள்ளது. அடுத்து எழுத்துருவை மாற்றிப் பார்த்தல் வேண்டும். எல்லா எழுத்திற்கும் சம அகலம் கொள்ளும் தொகுப்பிகளில் ‘ணை’ போன்ற அகன்ற எழுத்துகளால் இடங்காட்டி வரியின் இறுதி நோக்கிச் செல்லச்செல்ல விலகும். இது தோற்றப் பிழையே. ஓரிடத்தில் விசையை அழுத்தியும் இடங்காட்டி அசையாவிடின், கண்ணுக்குப் புலனாகாத இணைப்புத் தடைக்குறி அங்கிருக்கலாம். அவ்விடத்துக் குறியெண்களைக் காண்பதே உறுதியான சோதனை.

தனியமைப்புக்குப் பெயர்பெற்ற ஈமாக்ஸ் தொகுப்பியின் 29ஆம் பதிப்பு (2023) இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. அதில் முன்னழிப்பு விசை முழுத் தொகுதியையும் நீக்க, பின்னழிப்பு விசை ஒரு குறியெண்ணை மட்டும் நீக்கும். கூட்டெழுத்தை இடங்காட்டி நிற்குமிடத்தில் பிரித்துக்காட்டும் விருப்பத்தேர்வும் அப்பதிப்பில் வந்தது. இதனை அறியாதவருக்கு இது கோளாறு. அறிந்தவருக்கு மூலபாட ஆய்வுக் கருவி.

முடிவுரை

ஏடெழுதுவோரால் நேர்ந்த பிழைகளை இனங்காணப் பதிப்பியல் முறைகள் வகுத்துள்ளது. மின்படியில் நேரும் பிழைகளுக்கும் அத்தகைய வரையறை தேவை. முதற்படியை மாற்றாமல் பேணுதல், தேடலுக்கென இயல்பாக்கிய தனிப்படி அமைத்தல், ஒருங்குறிப் பதிப்பையும் எழுத்துருவையும் முன்னுரையில் பதிவு செய்தல் ஆகிய மூன்றும் குறைந்தபட்ச நெறிகளாதல் வேண்டும். இடங்காட்டி நிற்கும் இடம் பாடத்தின் நம்பகத்தன்மையோடு தொடர்புடையது என்பதே இவ்வாய்வால் பெறப்படும் முடிபு.