நட்ட கொம்பும் பெயர்ந்த ஊரும்: நெய்தல் நிலக் குலக்குறி பற்றி மயிலிட்டியை முன்வைத்து ஒரு வாதம்

கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் முழுநிலா நாளன்று கடலுக்குப் போகாமல் கரையில் தங்குகிறார்கள். சினையுற்ற சுறாவின் கொம்பை நட்டு, அதில் உறையும் தெய்வத்தை வணங்கி, தாழம்பூச் சூடி, கள்ளருந்தி ஆடுகிறார்கள். குலக்குறி பற்றிப் பேசும் தமிழ் ஆய்வாளர் பலரும் முதலில் எடுத்துக்காட்டுவது இந்தக் காட்சியைத்தான். ஆனால் இதைக் குலக்குறி என்று சொல்லிவிட்டு மேலே நகர்வது எளிதன்று.

1791இல் ஜான் லாங் என்னும் வணிகர் வட அமெரிக்காவின் ஒஜிப்வா மக்களிடமிருந்து, நாம் குலக்குறி என்னும் 'டோட்டம்' என்ற சொல்லை ஆங்கில வாசகர்களிடம் கொண்டுசென்றார். பின்னர் ஃபிரேசர் போன்ற மானிடவியலாளர்கள் அதற்கு இலக்கணம் வகுத்தார்கள்: ஒரு குலம் ஒரு விலங்கின் அல்லது மரத்தின் பெயரைத் தாங்கும், அதைக் கொல்லாது, உண்ணாது, குலத்துக்குள் மணம் செய்யாது. கொங்கு வேளாளரின் காடைக் கூட்டம், ஆந்தைக் கூட்டம் போன்ற பிரிவுகள் இதற்குக் கிட்டத்தட்டப் பொருந்துகின்றன. ஒரே கூட்டத்துக்குள் அங்கே பெண் எடுப்பதில்லை. யாழ்ப்பாணத்தில் இத்தகைய கூட்டப் பெயர்கள் வழக்கில் இல்லை. மச்சான், மச்சாள் உறவே மணத்தைத் தீர்மானித்து வந்திருக்கிறது.

சுறாவோ அந்த இலக்கணத்துக்குள் அடங்கவே மறுக்கிறது. பரதவர் வணங்கியது தாமே பிடித்த மீனின் கொம்பை. இன்றும் யாழ்ப்பாணத்தில் பிள்ளை பெற்ற தாய்க்குப் பால் ஊறட்டும் என்று பால்சுறாவை அவித்து, முள் நீக்கி, உதிர்த்து, தேங்காய்ப்பூவும் வெங்காயமும் சேர்த்து வறையாக்கிக் கொடுப்பார்கள். விலக்கு இல்லை, உண்பதே பேறு. ஆஸ்திரேலியாவின் அருண்டா மக்கள் தங்கள் குலக்குறியைச் சடங்கில் உண்பதை ஸ்பென்சரும் கில்லனும் 1899இல் எழுதியபோதே உண்ணாமை என்ற விதி ஆட்டம் கண்டுவிட்டது. 1962இல் மானிடவியலாளர் லெவி-ஸ்ட்ராஸ் குலக்குறிமுறை என்ற தனி அமைப்பே அறிஞர்களின் கற்பனை என்னும் அளவுக்குப் போனார். அது சற்று மிகை. குறியைக் கொண்டு மனிதர் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தால் சொல்வதற்கு இன்னும் நிறைய இருக்கிறது.

பரதவர் செய்தது நடுதல்.

நட்டது பெரும்பாலும் வேளா மீனின் கொம்பாக இருக்க வேண்டும். சாதாரணச் சுறாவுக்குக் கொம்பு ஏது? வேளாவின் முகத்திலிருந்து தட்டையாக நீளும் கொம்பின் இரு விளிம்பிலும் அரத்தின் பற்களைப் போல வரிசையாக முட்கள் நிற்கும். மணலில் குத்தி நிறுத்தினால் அது ஆயுதமாகவும் தோன்றும், மரமாகவும் தோன்றும். சங்ககாலக் குறுநில மன்னரின் காவல்மரமும் வேரூன்றி நின்ற குறிதான். பழையனின் வேம்பைச் செங்குட்டுவன் வெட்டினான். நன்னனின் மாமரத்தைக் கோசர் வெட்டினார்கள். மரம் வீழ்ந்தால் அந்தக் குடியே தோற்றது என்று பொருள். யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் மரத்தடியில் நட்டிருக்கும் வைரவர் சூலமும் இதே வரிசையில் வைக்கத்தக்கது. 19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் முன்னெடுத்த ஆகமச் சைவம் பல ஊர்த்தெய்வங்களின் பெயரையும் பூசையையும் மாற்றிவிட்டது. அப்படியும் சூலம் போகவில்லை. அது அந்தக் காணிக்கு உரியது என்பதே காரணம்.

ஒஜிப்வா மனிதர் தம் குறியைத் தந்தைவழிப் பெற்று, போகுமிடமெல்லாம் கொண்டுபோவார். தமிழ்க் கரையில் குறி நிலத்தில் நிற்கிறது. நிலம் பறிபோனால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு யாழ்ப்பாணத்துக் கரையோர ஊரான மயிலிட்டி ஒரு கடுமையான விடை.

1990 ஜூனில் மயிலிட்டி மக்கள் போரினால் இடம்பெயர்ந்தார்கள். மயிலிட்டி உள்ளிட்ட வலிகாமம் வடக்கின் பெரும்பகுதி இராணுவத்தின் உயர்பாதுகாப்பு வலயமாயிற்று. வடக்கின் முக்கிய மீன்பிடித் துறை ஒன்று, அதன் மக்கள் கால் வைக்க முடியாத இடமானது. 2017 ஜூலையில் துறைமுகமும் சுற்றியிருந்த காணியின் ஒரு பகுதியும் விடுவிக்கப்படும்வரை 27 ஆண்டுகள். மல்லாகம் போன்ற இடங்களின் முகாம்களில் பிறந்து வளர்ந்த தலைமுறைக்குக் கோயிலடி, துறையடி, படகு இழுத்த மணல் எல்லாம் பெரியவர் வாய்ச்சொல்லாகவே இருந்தன.

நிலத்தில் நின்ற குறிகளைப் பெயர்த்துக்கொண்டு ஓட முடியாது. ஊரின் பெயரை மட்டும் கொண்டுபோகலாம். "நாங்கள் மயிலிட்டியார்" என்பது முகாமிலும் புலம்பெயர் நாடுகளிலும் பிள்ளைகள் பெற்றோர்வழி பெறும் அடையாளமாயிற்று. அந்த ஊரை ஒருநாளும் கண்டிராத பிள்ளையும் அதற்கு உரித்தாளி. கொங்குக் கூட்டப் பெயருக்கும் ஒஜிப்வா டோட்டத்துக்கும் இது நெருங்கி வருகிறது. நட்டு வைத்த குறி, சுமந்து செல்லும் குறியாகிவிட்டது. குழு தன்னையே தன் சின்னத்தில் வணங்குகிறது என்று 1912இல் சமூகவியலாளர் துர்க்கைம் எழுதினார்; இங்கே இடப்பெயர்வே அப்படியொரு சின்னத்தை உண்டாக்கியிருக்கிறது. நலிந்துபோன மரபின் எச்சமாக இதைக் கருதுவது தவறு. அண்மைக்காலத்தில், கண்ணெதிரே, ஓர் அநீதியின் விளைவாகப் பிறந்த குலக்குறி இது.

ஆயினும் இது முழு ஈடாகாது. பெயர் மணத்துக்கும் மரணத்துக்கும் ஆட்களைக் கூட்டும். துறையில் யார் வலை விரிப்பது என்பதை அது தீர்மானிக்காது. அதற்குக் காணி உறுதியும் கரையும் வேண்டும். கடலில் வேளாவும் அருகிவிட்டது. வலையில் எளிதில் சிக்குவது அந்தக் கொம்பினாலேயே. 2013 முதல் அதன் எல்லா இனங்களும் பன்னாட்டு வணிகத் தடைக்கு உட்பட்டவை. குலக்குறி ஆய்வு இனிக் கதைகளோடு காணிப் பதிவேட்டையும் மீன்வளக் கணக்கையும் சேர்த்துப் படிக்க வேண்டும். மயிலிட்டியில் இன்னும் விடுவிக்கப்படாத காணிகள் அந்தப் பாடத்தின் முதல் பக்கம்.