புல்லட்டும் கேம் ஷாஃப்டும் கொஞ்சம் களிமண்ணும்

ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் பழைய புல்லட், ஒரு சென்னை வண்டி. ராணுவத்துக்கு 350 சிசி வண்டிகள் தேவைப்பட்டதால், 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. ஆலை திருவொற்றியூரில். சற்று வடக்கே சோழவரத்தில், உலகப்போர்க் கால விமான ஓடுதளத்தில் பந்தயங்கள் நடந்தன. 1953-ல் பிறந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புக்கு அதுதான் களம்.

பந்தயம் என்றாலே கேம் ஷாஃப்டை மாற்றும் ஆசை வந்துவிடும். உயரம் கூடிய கேம் வால்வை அதிகம் திறக்கும், எஞ்சினுக்குக் காற்று அதிகம் கிடைக்கும். ஆனால் பிஸ்டன் மேலே வரும்போது வால்வு இன்னும் கீழே இருந்தால்? வால்வு வளையும், பிஸ்டன் உடையும், எஞ்சின் காலி! (பழைய ஜாவா, எஸ்டி போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு இந்தக் கவலை இல்லை. அவற்றில் இப்படிப்பட்ட வால்வே கிடையாது.)

இதற்கு உலகெங்கும் மெக்கானிக்குகள் நம்புவது, குழந்தைகள் விளையாடும் களிமண்ணை! அதைப் பிஸ்டன் தலையில் ஒட்டி, ஹெட்டைப் பூட்டி, கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுவார்கள். பிறகு கழற்றி, நசுங்கிய களிமண்ணை வெட்டி அளப்பார்கள். பொதுவாக இன்டேக் பக்கம் 2 மி.மீ., எக்ஸாஸ்ட் பக்கம் 2.5 மி.மீ. இடைவெளியாவது வேண்டும். எக்ஸாஸ்ட் வால்வு மூடும்போது பிஸ்டன் அதைத் துரத்திக்கொண்டே மேலே வருவதால்தான் அங்கே கூடுதல். சுற்றும்போது எங்காவது தட்டினால், அழுத்தாமல் அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.