தேவிகுளம் – பீர்மேடு தமிழர்

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், தேனி எல்லையை ஒட்டிய தேயிலை, ஏலத் தோட்டங்களில் தலைமுறைகளாக வாழும் சமூகம். 1877இல் பிரிட்டிஷ்காரரான ஜான் டேனியல் மன்றோ பூஞ்ஞாறு அரசரிடம் கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு வாங்கினார். தேயிலை பரவியதும் திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கங்காணிகள் முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்தார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் நிலமற்ற தலித்துகள்.

அப்போது இங்கே மொழி எல்லை என்று ஒன்று இல்லை. பின்னர் மொழிவழி மாநிலக் கோரிக்கை எழுந்தபோது, நேசமணி தலைமையிலான திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் தேவிகுளம், பீர்மேடு ஆகிய இரு வட்டங்களையும் சென்னை மாநிலத்தோடு சேர்க்கக் கோரியது. திருவிதாங்கூர்-கொச்சி முதல்வர் பட்டம் தாணுப்பிள்ளையின் அரசோ 1950களின் நடுவில் மலையாளக் குடும்பங்களுக்கு நிலம் தந்து குடியேற்றியது. கல்லாறு அருகே ‘பட்டம் காலனி’ அவர் பெயரிலேயே நிற்கிறது. தமிழர் பெரும்பான்மைக்குக் காரணம் வந்துபோகும் தோட்டக் கூலிகளே என்று மாநில மறுசீரமைப்பு ஆணையம் 1955இல் முடிவுகட்டியது. மறு ஆண்டு நவம்பர் 1 முதல் இரு வட்டங்களும் கேரளத்தில். பேத்தி எடுத்தவர்களைக்கூட ‘வந்துபோகிறவர்’ கணக்கில் வைத்த அந்தப் பார்வை இன்னும் முழுதாக மாறவில்லை.

கம்பம், போடி பக்கமிருந்து தினமும் ஜீப்பில் ஏலக்காட்டு வேலைக்கு வந்து திரும்புவோர் வேறு, இங்கேயே குடியிருக்கும் இவர்கள் வேறு. வெளியார் இரு தரப்பையும் குழப்பிக்கொள்வதுண்டு. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணைச் சிக்கலால் எழுந்த பதற்றத்தின்போது ஏலத்தோட்டத் தமிழர் பலர் தேனிக்கு ஓடிவந்தனர்.

தோட்டத்து வீடு லயம்: வரிசையாக ஒட்டிக் கட்டிய ஓர் அறை, ஓர் அடுப்படி. அது வேலையோடு வருவது. ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். பிள்ளைகளில் ஒருவரையாவது கொழுந்தெடுக்க அனுப்பிக் கூரையைக் காப்பாற்றிக்கொண்ட குடும்பங்கள் நிறைய. 2015 செப்டம்பரில் மூணாறு பெண்கள் ‘பெம்பிளை ஒருமை’ என்ற பெயரில், தொழிற்சங்கத் தலைவர்களையே விரட்டிவிட்டு, 20 சதவீத போனஸ் வாங்கினார்கள். கேரளத்தின் தொழிற்சங்க வரலாற்றில் அதற்கு இணை சொல்வது கடினம்.

பட்டியல் சாதிச் சான்றிதழ்தான் இன்றைய பெரிய தலைவலி. 1950 ஆகஸ்ட் 10க்கு முன்பே குடும்பம் இங்கு குடியிருந்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும். லயத்தில் பிறந்து லயத்தில் இறந்த பாட்டனுக்குப் பட்டா ஏது? பட்டியல் சாதியினருக்கான தனித்தொகுதியான தேவிகுளத்தின் அப்போதைய சட்டமன்ற உறுப்பினர் ஆ. ராஜாவின் வெற்றியை 2023இல் கேரள உயர்நீதிமன்றம் செல்லாதென்றது. அவர் மதம் என்ன என்பதோடு, குடும்பம் எப்போது குடியேறியது என்பதும் வழக்கில் அலசப்பட்டது. 2025 மே மாதம் உச்சநீதிமன்றம் அவர் வெற்றி செல்லும் என்று தீர்ப்பளித்தது.