எண்ணும் கையும்

கல்லீரல் சுருங்கிய நோயாளி பகலில் உறங்கி, இரவில் விழித்து, மகன் பெயரை மாற்றிச் சொல்கிறார். இது கல்லீரலால் வந்த குழப்பமா என்று சொல்ல, இப்போது செவிலியர் முன்னே இரண்டு சாட்சிகள்: ரத்த அம்மோனியாவின் எண், நோயாளி நீட்டிக் காட்டும் கை. முன்னது புதுசு, பின்னது பழசு என்று நினைப்போம். உண்மை வேறு. கல்லீரலைச் சுற்றி ரத்தத்தைத் திருப்பிவிட்ட நாய்கள், உடலில் அம்மோனியாவை ஊறவைக்கும் இறைச்சியைத் தின்று நிலைகுலைவதை உடலியல் அறிஞர் பாவ்லோவின் குழு 1893-லேயே கண்டது. நீட்டிய கையின் உதறலை மருத்துவர்கள் ஆடம்ஸும் ஃபோலியும் விவரித்தது 1949-இல்தான்.

எண் உறுதியானது போலத் தோன்றும். உண்மையில் எளிதில் கெட்டுப்போகும். ரத்தமெடுக்கக் கையில் போடும் கட்டு நெடுநேரம் இறுகியிருந்தாலும், விரல்களை மடக்கி மடக்கி விரித்தாலும் அளவு ஏறும். குழாய்க்குள் போன ரத்தமும் சும்மா இருப்பதில்லை. அங்கேயும் அம்மோனியா ஊறிக்கொண்டிருக்கும். ஸ்ரீரங்கத்தில் எடுத்த சாம்பிள் ஐஸ் இல்லாமல், சித்திரை வெயிலில் காவிரிப் பாலம் கடந்து திருச்சி ஆய்வகம் சேர்ந்தால், அந்த எண்ணில் நோயாளியின் பங்கு எவ்வளவு, பயணத்தின் பங்கு எவ்வளவு? கைக்கு இந்தத் தொல்லை இல்லை. மணிக்கட்டை மேல்நோக்கி மடக்கி, விரல்களை விரித்து அரை நிமிடம் பிடிக்கச் சொன்னால் போதும். பிடிமானம் நொடிப்பொழுது அறுந்து கை சரியும். ஆனால் சொன்னதைக் கேட்கும் தெளிவு வேண்டும். ஆழ்ந்த மயக்கத்தில் இந்தச் சாட்சி வாய் திறக்காது.

வேடிக்கை என்னவென்றால், ஒரே கையை ஒரு சோதனை மூடாதே என்கிறது, மற்றது விரி என்கிறது. இன்னொரு உறவும் உண்டு: இரண்டும் கல்லீரலை மட்டும் காட்டிக்கொடுப்பவை அல்ல. வலிப்புக்குத் தரும் வால்ப்ரோயேட் மாத்திரை எண்ணை உயர்த்தும்; சிறுநீரகச் செயலிழப்பும் ரத்தத்தில் தேங்கிய கரியமில வாயுவும் கையை உதறவைக்கும்.

என் கணிப்பில், எண்ணின் பெரும் பயன் அது இயல்பாக வரும்போதுதான்: குழப்பத்துக்குக் கல்லீரல்தான் காரணமா என்று மறுபடி யோசிக்கவைக்கும்; சர்க்கரை குறைவு, தலைக்குள் ரத்தக்கசிவு போன்றவற்றைத் தேடத் தூண்டும். உயர்ந்த எண்ணோ மயக்கத்தின் ஆழத்தைச் சொல்லாது. அலகையும் பார்த்துக்கொள்ள வேண்டும்: டெசிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம் என்பது லிட்டருக்குச் சுமார் 59 மைக்ரோமோல். ஆய்வகம் மாறினால், நோய் குறைந்ததாகக் குடும்பம் வீணாக மகிழக்கூடும்.

மருந்தின் அளவிலோ இரண்டு சாட்சிகளுமே பின்தங்குகின்றன. லேக்டுலோஸ் சிரப்பைக் கூட்டுவதும் குறைப்பதும், நாளுக்கு இரண்டு மூன்று முறை இளக்கமாக மலம் போகிறதா என்ற கணக்கை வைத்துத்தான்.